கோரிக்கை மனு: நகர மையத்தைப் புதுப்பிக்கும் முன் அந்தக் கழிப்பறையைத் திறந்துவிடுங்கள்

அனுப்புநர்:
நகர மையக் கடைகளில் வேலை பார்க்கும் பெண்கள், மற்றும் உடன் கையொப்பமிட்டுள்ள சிறுவணிகர்கள்.

பெறுநர்:
உயர்திரு ஆணையர் அவர்கள்,
மாநகராட்சி அலுவலகம்.

பொருள்: நகர மையச் சீரமைப்புத் திட்டம் – மன்ற விவாதம் – பூட்டிக் கிடக்கும் பொதுக் கழிப்பறையைத் திறக்கவும், திட்டத்தில் கழிப்பறைகளைச் சேர்க்கவும் வேண்டுதல் – தொடர்பாக.

பார்வை: இதே பொருளில் நாங்கள் முன்னர் அளித்த மனுக்கள் (பதில் வரவில்லை).

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நகர மையத்துக்கு மறுபடி ஆள் வரவைப்பது எப்படி என்று மன்றத்தில் விவாதம் நடப்பதை அறிவோம். அதில் எங்களைவிட அக்கறை உள்ளவர்கள் இருக்க முடியாது. கடைகள் ஒவ்வொன்றாகக் காலியாவதையும், மாடிகளில் 'வாடகைக்கு' பலகை தொங்குவதையும் தினமும் பார்த்துக்கொண்டு நிற்பவர்கள் நாங்கள். இந்த வட்டாரம் தங்களுக்குப் புதிதல்ல. மணிக்கூண்டுக்குப் பின்னால் இருக்கும் கழிப்பறை என்று சொன்னாலே தாங்கள் அறிவீர்கள். அதைப் பற்றித்தான் பணிவுடன் மீண்டும் எழுதுகிறோம்.

1. பழுது பார்க்க வேண்டும் என்று சொல்லி அந்தக் கழிப்பறையைப் பூட்டினார்கள். பழுதும் பார்க்கவில்லை, பூட்டையும் எடுக்கவில்லை. பொறியியல் பிரிவில் கேட்டால் சுகாதாரப் பிரிவைக் கேளுங்கள் என்கிறார்கள். சுகாதாரப் பிரிவில் ஒப்பந்ததாரரைக் கைகாட்டுகிறார்கள். ஒப்பந்ததாரர், பழைய பில்லே இன்னும் பாஸாகவில்லை என்கிறார். சாவி யாரிடம் இருக்கிறது என்று இன்றுவரை எவரும் சொல்லவில்லை.

2. கடை திறப்பதிலிருந்து ஷட்டர் இறக்கும்வரை நாங்கள் நின்றுகொண்டே வேலை பார்ப்பவர்கள். பழைய கட்டடங்கள், பெரும்பாலான கடைகளில் கழிப்பறையே கிடையாது. உள்ள ஓரிரண்டு இடங்களிலும் முதலாளி வீட்டாருக்கு மட்டும்தான். ஆகவே காலையிலிருந்தே தண்ணீர் குடிப்பதைக் குறைத்துக்கொள்கிறோம். மதியம் சாப்பிட்ட பிறகுகூட வாயை நனைப்பதோடு சரி. அதையும் மீறி வந்துவிட்டால், பெரிய சாலையைத் தாண்டிப் பேருந்து நிலையத்துக்குப் போக வேண்டும். போய் வரிசையில் நின்று திரும்புவதற்குள் மேற்பார்வையாளர் கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நிற்பார். "இப்பத்தானே போன?" என்று வாடிக்கையாளர்கள் முன்னால் கேட்பார். இருட்டிவிட்டால் அந்தப் பக்கம் விளக்கும் இல்லை. ஒருத்தியைத் துணைக்கு அழைத்துப் போனால் இரண்டு கவுன்டர் காலி.

மாதவிலக்கு நாட்களைப் பற்றி மனுவில் எழுதலாமா என்று எங்களுக்குள் பேசிப் பார்த்தோம். எழுதாமல் விட்டதால்தான் யாருக்கும் புரியவில்லை என்று தோன்றுகிறது. துணி மாற்ற இடமில்லாமல் காலை முதல் இரவுவரை ஒன்றையே வைத்துக்கொண்டு நிற்கிறோம், ஐயா. அந்த நாட்களில் லீவு போடுகிறவர்களுக்குச் சம்பளம் பிடிக்கிறார்கள். கர்ப்பமாக இருப்பவர்கள் மாதம் ஏற ஏற வேலையை விட்டுவிடுகிறார்கள். சிறுநீர்த் தொற்று எங்களில் பலருக்குத் திரும்பத் திரும்ப வருகிறது. பெண்களுக்குச் சிறுநீர்க் குழாய் குட்டை, கிருமி சுலபமாக ஏறிவிடும், நிறையத் தண்ணீர் குடியுங்கள், அடக்காதீர்கள் என்று டாக்டர் சொல்கிறார். எங்கே போவது என்று அவரிடம் கேட்க முடியுமா? தங்களிடம்தான் கேட்க முடியும்.

ஆண்கள் சந்துச் சுவரைப் பார்த்துக்கொள்கிறார்கள். அந்தச் சந்தின் நாற்றமும் தாங்கள் அறிந்ததே. அங்கே 'அசுத்தம் செய்யாதீர்' என்று எழுதி வைத்திருப்பது மாநகராட்சிதான்.

3. வாடிக்கையாளர்களுக்கும் இதே கதிதான். சர்க்கரை நோய் உள்ளவர்கள், புராஸ்டேட் தொல்லை உள்ள பெரியவர்கள், கைக்குழந்தையோடு வருபவர்கள் ஒரு கடையில் ஒரு பொருளை வாங்கிக்கொண்டு அவசரமாகக் கிளம்பிவிடுகிறார்கள். புறவழிச் சாலையில் உள்ள வணிக வளாகத்தில் விலை குறைவு என்றா கூட்டம் போகிறது? ஒவ்வொரு மாடியிலும் கழிப்பறை இருக்கிறது, உட்கார இடம் இருக்கிறது. அதை ஏன் எவரும் மன்றத்தில் சொல்லவில்லை?

4. மன்றத்தில் பேசுவதெல்லாம் நீரூற்று, அலங்கார வளைவு, அடுக்குமாடி வாகன நிறுத்தம், வண்டி நுழையாத நடைவீதி. நடைவீதிக்கு நாங்கள் எதிரிகள் அல்ல. ஆனால் அமெரிக்காவின் கலமசூ நகரம் 1959-லேயே தன் கடைத்தெருவை நடைவீதியாக்கி, 1998-இல் அதில் ஒரு பகுதியை மறுபடி கார்களுக்குத் திறந்துவிட்டது. அதே நாட்டின் ஃபிரெஸ்னோ நகரம் 1964-இல் செய்ததை 2017-இல் கலைத்தது. 1962-இல் டென்மார்க்கின் கோபன்ஹேகன் வண்டிகளுக்கு மூடிய ஸ்ட்ரோயெட் தெருவிலோ இன்றும் கூட்டம். கழிப்பறையால்தான் அங்கே கூட்டம் என்று சொல்ல வரவில்லை. அங்கே யான் கேல் என்ற கட்டடக் கலைஞர் எண்ணியது தெருவில் எத்தனை பேர் நிற்கிறார்கள், எத்தனை பேர் உட்கார்கிறார்கள் என்பதை. இங்கே ஆலோசகர்கள் வந்து வண்டிகளை எண்ணிவிட்டுப் போனார்கள். எங்களை ஒருவரும் எண்ணவில்லை.

1851-இல் லண்டன் கண்காட்சியில் வைத்த கழிப்பறைகளை 8 லட்சத்துக்கும் மேற்பட்டோர் காசு கொடுத்துப் பயன்படுத்தினார்கள். கூட்டம் வர வேண்டுமென்றால் இது வேண்டும் என்பது அப்போதே தெரிந்த விஷயம். இப்போது வைத்திருக்கும் வரைபடத்தில் நீரூற்று இருக்கிறது, செல்ஃபி எடுக்க மேடை இருக்கிறது, கழிப்பறை ஒன்றுகூட இல்லை. தண்ணீர் பீய்ச்சுவதைப் பார்த்துக்கொண்டே நாங்கள் அடக்கிக்கொண்டு நிற்க வேண்டுமா ஐயா?

5. கோபத்தில் எழுதியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறோம். பணம் இல்லை என்று மட்டும் சொல்லாதீர்கள். ஜெர்மனியில் பல நகராட்சிகள், தங்கள் கழிப்பறையைப் பொதுமக்களுக்குத் திறந்துவிடும் கடைகளுக்கும் உணவகங்களுக்கும் மாதந்தோறும் ஒரு தொகை கொடுத்து, வாசலில் ஓர் அடையாள ஒட்டியை ஒட்டச் சொல்கின்றன. பாரிஸில் தெருக் கழிப்பறைகள் 2006 முதல் இலவசம். இங்கே புதிதாக எதையும் கட்டக்கூட நாங்கள் முதலில் கேட்கவில்லை. கட்டியதைத் திறக்கத்தான் கேட்கிறோம்.

6. பூட்டை எடுங்கள். தண்ணீர் இணைப்பு, உள்தாழ்ப்பாள், விளக்கு, நாப்கின் போட ஒரு மூடிய தொட்டி, ஒரு துப்புரவுப் பணியாளர் (அவருக்கு ஒழுங்கான சம்பளத்துடன்). கடைசிக் கடை அடைக்கும்வரை திறந்திருக்க வேண்டும். மாலையில் அலுவலக நேரத்தோடு மூடினால் பயனில்லை. பெண்கள் பக்கம் கூடுதல் அறைகள் வேண்டும், எங்களுக்கு நேரம் அதிகம் பிடிக்கும்.

7. அடுத்த மன்றக் கூட்டத்தில் எங்களில் ஒருவர் பேச அனுமதி தாருங்கள்.

திட்டம் முடிவாக எத்தனை காலம் ஆனாலும் ஆகட்டும். பூட்டைத் திறக்க மன்றத் தீர்மானம் தேவையில்லை, தங்கள் உத்தரவு போதும். இந்த வாரத்துக்குள் திறக்க ஆவன செய்யுமாறு மீண்டும் மீண்டும் கேட்டுக்கொள்கிறோம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
நகர மையக் கடைப் பணியாளர்கள், சிறுவணிகர்கள்

இணைப்பு: கையொப்பப் படிவங்கள், முந்தைய மனுக்களின் நகல்கள், ஒப்புகைச் சீட்டுகளுடன்.
நகல்: மேயர் அவர்கள், சுகாதாரப் பிரிவு, பொறியியல் பிரிவு (சாவி எந்தப் பிரிவில் இருக்கிறதோ, அவர்களின் கவனத்துக்கு).