அனுமதியைக் கடல் வற்றும் நேரத்துக்குத் தாருங்கள்

மதிப்பிற்குரிய அதிகாரிகளுக்கு,

வணக்கம். மும்பையின் பாறைக் கரைகளுக்குப் பொதுமக்களையும் பள்ளிப் பிள்ளைகளையும் அழைத்துப் போய்க் கடலுயிர்களைக் காட்டும் தன்னார்வ வழிகாட்டிகளில் நானும் ஒருத்தி. குழுவாகக் கரையில் இறங்க உங்கள் அலுவலகக் கடிதம் வேண்டும் என்ற விதி வந்ததிலிருந்து நமக்குள் நடந்துவரும் கடிதப் போக்குவரத்து உங்களுக்கே தெரியும். அதையெல்லாம் மறுபடி விரிக்கப் போவதில்லை. போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நடந்ததைச் சொல்லி, ஒரே ஒரு கோரிக்கையை வைக்கிறேன். இதையே மராத்தியில் எழுதி உங்கள் அலுவலகத்தில் கொடுத்து, முத்திரை போட்ட நகலும் வாங்கியாகிவிட்டது. தமிழிலும் எழுதுவதற்குக் காரணம், அன்று எங்களை நம்பிப் பிள்ளைகளை அனுப்பிய தாராவி, சயான் கோலிவாடா பெற்றோர்கள். நாங்கள் என்ன கேட்டோம், என்ன கிடைத்தது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும்.

அந்த ஞாயிறு அமாவாசைக்கு மறுநாள். அமாவாசை, பௌர்ணமியை ஒட்டிய நாட்களில்தான் கடல் மிக அதிகமாக ஏறும், மிக அதிகமாக வற்றும். மும்பையில் அந்த நாட்களின் ஏற்றம் நண்பகலையும் நள்ளிரவையும் ஒட்டி வரும். வற்றம் காலையில் ஆறு, ஏழு மணிக்கும் மாலையில் கிட்டத்தட்ட அதே நேரத்துக்கும் வரும். ஒரு நாளைக்கு ஏறக்குறைய 50 நிமிடம் என்று தள்ளிக்கொண்டே போகும். பாறைகளில் நின்று நிதானமாகப் பார்க்க, வற்றத்துக்கு முன்னும் பின்னுமாக மொத்தம் இரண்டு மணி நேரம் கிடைத்தால் பெரிது. அதனால் காலை 6.30 முதல் 8.30 வரை அனுமதி கேட்டிருந்தோம். வெள்ளிக்கிழமை மாலை கைக்கு வந்த கடிதத்தில் 11 முதல் 1 வரை என்று இருந்தது. கடல் நிரம்பி நிற்கும் நேரம் அது. போன் செய்து கேட்டோம். அலுவலக நேரத்தில்தான் அனுமதி தர முடியும், வேண்டுமானால் திங்கட்கிழமை வந்து பேசுங்கள் என்றார்கள்.

பிள்ளைகளிடம் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. நேரில் பேசிப் பார்க்கலாம் என்று கிளம்பினோம். பெரும்பாலும் மாநகராட்சித் தமிழ்ப் பள்ளிகளில் படிக்கிற பிள்ளைகள். விடியும் முன்னே எழுந்து, அம்மாக்கள் கட்டிக் கொடுத்த இட்லிப் பொட்டலத்தோடு, முதல் நாளே வாங்கி வைத்த ரப்பர் செருப்போடு வந்திருந்தார்கள். படி இறங்கும் வாசலில் காவலர் கடிதத்தை வாங்கிப் படித்துப் பார்த்து, பதினொரு மணிக்கு முன் விட முடியாது என்றார். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. அவர் கையில் இருந்த காகிதம் அப்படி.

தடுப்புச் சுவருக்கு இந்தப் பக்கம் நாங்கள். அந்தப் பக்கம், கூப்பிடு தூரத்தில், கறுப்புப் பாறைகள் ஈரத்தோடு வெளியே வந்து கிடந்தன. ஆறரைக் கோடி ஆண்டுகளுக்கு முன் தக்காணத்தில் பெருகிய எரிமலைக் குழம்பு உறைந்த பாறை. அதன் பள்ளங்களில் தேங்கும் தண்ணீரில்தான் எங்கள் வகுப்பறை. பச்சையும் பழுப்புமாக ஸோவாந்திட் உயிர்கள், கூட்டமாக ஒட்டி வாழும் கடற்சாமந்தியின் உறவினங்கள், பாறையை மூடியிருக்கும். தண்ணீர் வடிந்ததும் வாயை மூடிக்கொள்வதால், தெரியாதவர்கள் சேறு என்று நினைத்து மிதிப்பார்கள். மிதித்தால் பீச்சென்று தண்ணீர் அடிக்கும். அங்கே கால் வைக்காமல் வெறும் பாறையாகப் பார்த்து நடக்கத்தான் முதலில் சொல்லிக் கொடுப்போம். அப்புறம் பாறையில் ஓட்டோடு ஒட்டி வாழும் கொட்டலசு, கடற்சாமந்தி, காலி சங்குக்குள் குடியிருக்கும் துறவி நண்டு. அதிர்ஷ்டம் இருந்தால் கல்லிடுக்கில் குட்டிப் பேய்க்கணவாய் ஒன்று ஒட்டியிருக்கும். பார்த்துக்கொண்டிருக்கும்போதே பாறையின் நிறத்துக்கு மாறிவிடும். அதன் கண்ணை முதலில் கண்டுபிடிக்கிற பிள்ளை அன்றைக்கு வீடு போகும் வரை பேசுவதை நிறுத்தாது.

இவற்றில் எதையும் அன்று யாரும் பார்க்கவில்லை. சுவரில் கையை ஊன்றி, தண்ணீர் திரும்பி வருவதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். தூரத்துப் பாறை முதலில் போயிற்று. பிறகு நடுவில் இருந்த நீளமான குட்டை. ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி, “அக்கா, அதுக்குள்ள இருக்கிறதெல்லாம் இப்ப முழிச்சுக்குமா?” என்று கேட்டாள். ஆமாம், தண்ணீர் வந்ததும் எல்லாம் வாயைத் திறக்கும் என்றேன். ஒன்பதரைக்குள் பாறையே இல்லை. வெயில் ஏறியது. சிலரைப் பெற்றோர் வந்து கூட்டிப் போனார்கள். மீதிப் பிள்ளைகள், உள்ளே விடுவார்கள் என்று சொன்னதை நம்பி உட்கார்ந்திருந்தார்கள். சரியாகப் பதினொரு மணிக்குக் காவலர் வாசலைத் திறந்தார். அலை படிக்கட்டில் அடித்துக்கொண்டிருந்தது. இறங்கக் கூடாது என்று பிள்ளைகளை இழுத்துப் பிடித்துக்கொண்டு நாங்களே வாசலை மறித்து நின்றோம்.

இதை நீங்கள் ஒரு நிமிடம் யோசித்துப் பார்க்க வேண்டும். பாதுகாப்புக்காகத்தான் இந்த விதி என்று உங்கள் கடிதங்களில் திரும்பத் திரும்ப வருகிறது. பாதுகாப்பு வேண்டும் என்பதில் எங்களுக்கு மாற்றுக் கருத்தே இல்லை. கூம்புச் சங்கின் கொடுக்கில் விஷம் இருக்கிறது, செடி போலத் தெரியும் ஹைட்ராய்டு உயிர்கள் சில பட்டால் தோல் எரியும், பாசிப் பாறை வழுக்கும். இதையெல்லாம் சொல்லி, தண்ணீர் திரும்பும் முன் எல்லோரையும் எண்ணிக் கரையேற்றத்தான் வழிகாட்டி இருக்கிறார். ஆனால் உங்கள் முத்திரையோடு வந்த அந்தக் கடிதம், இருப்பதிலேயே ஆபத்தான நேரத்தில் பிள்ளைகளைப் பாறைக்குப் போகச் சொல்கிறது. கடல் தெரியாத ஒரு குழு அந்தக் கடிதத்தை நம்பி இறங்கியிருந்தால் என்ன ஆகியிருக்கும்? அனுமதியைக் கடல் வற்றும் நேரத்துக்குத் தாருங்கள் என்று நாங்கள் கேட்பது சலுகை இல்லை. பாதுகாப்பான நேரம் அது ஒன்றுதான்.

நேரத்தை எப்படித் தெரிந்துகொள்வது என்ற கேள்விக்கே இடமில்லை. மழைக்காலம் தொடங்கும் முன், 4.5 மீட்டருக்கு மேல் கடல் ஏறும் நாட்களையும் நேரங்களையும் பட்டியல் போட்டு இந்த நகரத்துக்கு அறிவிக்கிறார்கள். செய்தித்தாள்கள் அதை அப்படியே போடுகின்றன. இந்திய நில அளவைத் துறை ஆண்டுதோறும் வெளியிடும் ஓத அட்டவணையில், அதாவது கடல் ஏறி வற்றும் நேரங்களின் பட்டியலில், மும்பையின் அப்போலோ பந்தர் துறைக்கு ஒவ்வொரு நாளின் ஏற்றமும் வற்றமும் மணி, நிமிடத்தோடு இருக்கிறது. வெள்ளம் வரும் என்று எச்சரிக்க எந்தக் கணக்கு உதவுகிறதோ, அதே கணக்கின் மறுபக்கம்தான் நாங்கள் கேட்பது. விடிகாலையில் சிப்பி கொத்த வரும் கோலி மீனவப் பெண்கள் அட்டவணை பார்ப்பதில்லை. திதியைச் சொன்னால் போதும், எத்தனை மணிக்கு எந்தப் பாறை தெரியும் என்று சொல்லிவிடுவார்கள். எங்களில் பாதிப் பேர் கரையைப் படித்ததே அவர்களிடம்தான்.

இந்த வேலையை யாரும் எங்களுக்குச் சம்பளம் கொடுத்துச் செய்யச் சொல்லவில்லை. செம்பூரில் வங்கி வேலை பார்ப்பவர், ரயில்வேயில் ஓய்வு பெற்றவர், கல்லூரி மாணவிகள் என்று பலதரப்பட்டவர்கள். வார நாளில் அரை நாள் விடுப்பு எடுத்துத்தான் உங்கள் அலுவலகத்துக்கு வருகிறோம். ஒவ்வொரு நடைக்கும் புது மனு, ஒவ்வொரு பிள்ளைக்கும் ஆதார் நகல். அதையும் பொறுத்துக்கொண்டோம். ஏனென்றால் கூட்டமாகக் கரையில் நடப்பதில் இருக்கிற மகிழ்ச்சி எங்களுக்குத் தெரியும். ஒருவர் கண்ணில் படாதது இன்னொருவர் கண்ணில் படும். எடுத்த படங்களை, உயிரினங்களைப் பொதுமக்களே பதிவு செய்யும் ஐநேச்சுரலிஸ்ட் இணையதளத்தில் ஏற்றுகிறோம். எந்த உயிர் எந்த மாதத்தில் எங்கே இருந்தது என்று அதில் பதிவாகிறது. இந்த நகரத்தில் இது புதிய பழக்கமும் இல்லை. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் 1883-இல் தொடங்கியது. மெரைன் லைஃப் ஆஃப் மும்பை என்ற குழுவினர் 2017-இலிருந்து இந்தக் கரைகளைத்தான் மக்களுக்குக் காட்டிவருகிறார்கள்.

கோபம் வருகிற இடத்தையும் சொல்லிவிடுகிறேன். இடித்த கட்டடங்களின் செங்கல்லும் சிமென்ட்டும் ராத்திரியோடு ராத்திரியாகப் பாறை மேல் கொட்டப்படுகின்றன. கொட்டுகிறவர்களிடம் யாரும் ஆதார் நகல் கேட்டதாகத் தெரியவில்லை. கல்யாணத்துக்கு முந்தைய போட்டோ எடுக்க வருபவர்கள் பவளத்தின் மேல் ஏறி நிற்கிறார்கள். கல்பவளங்கள் 1972-ஆம் ஆண்டு வனவுயிர்ப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பவை, புலிக்கு உள்ள அதே பாதுகாப்பு. கடற்கரைச் சாலைக்காக ஹாஜி அலி, வொர்லி கரைகளில் இருந்த பவளங்களை 2020-இல் பெயர்த்து வேறு இடத்தில் வைக்க வேண்டி வந்தபோதுதான், மும்பையில் பவளம் இருக்கிறதா என்று பலர் கேட்டார்கள். மும்பைக் கடலா, வெறும் சாக்கடை என்று படித்தவர்களே சொல்கிற ஊர் இது. அந்தப் பேச்சை மாற்ற வருகிற பிள்ளைகளைச் சுவருக்கு இந்தப் பக்கமே நிறுத்தி வைத்தால், நாளைக்கு இந்தப் பாறைகளுக்காகப் பேச யார் இருப்பார்கள்? தாராவியிலிருந்து நடந்து போகிற தூரத்தில் மாஹிம் இயற்கைப் பூங்கா இருக்கிறது. குப்பை மேடாகக் கிடந்த இடத்தைக் காடாக்கிய பூங்கா. அதைச் செய்து காட்டிய நகரத்தின் அலுவலகத்திடம்தான் கேட்கிறோம்.

சற்று வேகமாக எழுதிவிட்டேன் என்றால் பொறுத்துக்கொள்ள வேண்டும். உங்கள் அலுவலகத்தில் எங்கள் மனுவைக் கையில் வாங்கி, உட்காரச் சொல்லிப் பேசியவர்களும் இருக்கிறார்கள். அந்த நம்பிக்கையில்தான் பணிவோடு மறுபடியும் கேட்கிறேன்: அனுமதியைக் கடல் வற்றும் நேரத்துக்குத் தாருங்கள். மழை ஓய்ந்த பிறகு அக்டோபர் முதல் மே வரையிலான பருவத்துக்கு ஒரே கடிதமாகத் தந்தால் உங்களுக்கும் வேலை குறையும். தேதிகளையும் வற்ற நேரங்களையும் ஓத அட்டவணையிலிருந்து எடுத்து மனுவோடு இணைத்திருக்கிறோம். காவலருக்கும் ஒரு நகல் கொடுத்துவிட்டால், வாசலில் வாக்குவாதம் இருக்காது. குழுவில் எத்தனை பேர், எத்தனை பிள்ளைகளுக்கு ஒரு வழிகாட்டி, முதலுதவிக்கு யார் என்று நீங்கள் விதிக்கும் எந்த நிபந்தனைக்கும் கட்டுப்படுகிறோம். உங்களில் ஒருவர் எங்களோடு ஒரு நடைக்கு வந்தால் இன்னும் நல்லது. ரப்பர் செருப்பு மட்டும் போட்டு வாருங்கள்.

அடுத்த பௌர்ணமியை ஒட்டி வரும் ஞாயிறு எங்கள் பட்டியலில் முதல் தேதி. அன்று ஏமாந்து போன பிள்ளைகளைத்தான் மறுபடி அழைத்து வரப் போகிறோம். புதன்கிழமைக்குள் பதில் கிடைத்தால், அவர்கள் வீடுகளுக்குச் சொல்லிவிட வசதியாக இருக்கும்.

இப்படிக்கு,
கடற்கரை நடைத் தன்னார்வ வழிகாட்டிகள் சார்பில்,
மாட்டுங்காவிலிருந்து ஒருத்தி