ஆடுவதற்கு ஒரு மரத்தளம் வேண்டும்

பெருமதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். டர்பனில் உள்ள நம் சமூகக் கூடங்களை எவற்றுக்கெல்லாம் வாடகைக்கு விடலாம் என்பது குறித்துத் தங்கள் நாளிதழில் சென்ற வாரம் வாசகர் ஒருவர் எழுதியிருந்த கடிதத்தைப் படித்தேன். ஸ்விங் எனப்படும் அமெரிக்க ஜாஸ் வகை இசைக்கு ஆணும் பெண்ணும் கைகோத்து ஆடும் மாலைப்பொழுதுகளுக்குக் கூடங்களைத் தரக் கூடாது என்றும், அது நமக்குச் சற்றும் சம்பந்தமில்லாத வெள்ளைக்காரர் ஆட்டம் என்றும் அவர் எழுதியிருக்கிறார். அத்தகைய மாலைப்பொழுதுகளில் கிளாரினெட் வாசிப்பவன் என்ற முறையில் இதற்குப் பதில் எழுதக் கடமைப்பட்டிருக்கிறேன்.

லிண்டி ஹாப் எனப்படும் இந்த ஆட்டம் 1920களின் இறுதியில் நியூயார்க் நகரின் ஹார்லெம் பகுதியில், கறுப்பின மக்களிடையே பிறந்தது. பகலெல்லாம் பிறர் வீட்டில் சமைத்தும், சுமை தூக்கியும், மின்தூக்கி இயக்கியும் களைத்த மக்கள் இரவில் தமக்காக ஆடிய ஆட்டம் அது. 1926இல் லெனாக்ஸ் அவென்யூவில் திறக்கப்பட்ட சவாய் பால்ரூம்தான் அதன் வளர்ப்புத் தொட்டில். அங்கே இரண்டு மேடைகள் இருந்தன. ஒரு குழு வாசித்து முடித்ததும் அடுத்த குழு தொடங்கிவிடும் என்பதால் தளம் ஓய்வதே இல்லை. அமெரிக்காவின் பெரும்பாலான நடனக் கூடங்கள் நிறம் பார்த்துக் கதவைத் திறந்த அந்நாளில், சவாயில் கறுப்பரும் வெள்ளையரும் ஒரே தளத்தில் ஆடினர். 1937 மே மாதத்தில், நாடெங்கும் புகழின் உச்சியில் இருந்த வெள்ளையரான கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மன் தன் குழுவோடு அங்கே வந்து, சிக் வெப் என்ற டிரம்ஸ் கலைஞரின் குழுவுடன் போட்டிக்கு நின்றார். அன்றிரவு வென்றது சிக் வெப்பின் குழுவே என்பது இசை உலகம் ஒப்புக்கொண்ட செய்தி. ஆடுபவர்களின் கால்களைப் பார்த்து வாசித்துப் பழகிய குழு அது என்பதே அந்த வெற்றிக்குக் காரணம் என்று நான் நினைக்கிறேன்.

இந்த ஆட்டம் தேய்ந்துபோன கதையைச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும், ஏனெனில் அது நம் கூடங்களின் கதையோடு நெருங்கிய தொடர்புடையது. மக்களின் ரசனை மாறியதால் அது மறைந்தது என்பார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கிறது. ஆனால் 1944இல், போர்க்காலத்தில், அமெரிக்க அரசு கேளிக்கை இடங்களுக்கு முதலில் 30 விழுக்காடும் சில மாதங்களில் குறைத்து 20 விழுக்காடும் வரி விதித்ததை அவர்கள் சொல்ல மறந்துவிடுவார்கள். ஆடவோ பாடவோ இடமளித்த விடுதிகளில் வாடிக்கையாளரின் உணவுக் கணக்கோடு சேர்ந்த வரி அது. வெறும் வாத்திய இசையை உட்கார்ந்து கேட்டால் அந்த வரி கிடையாது. உரிமையாளர்கள் என்ன செய்வார்கள்? ஆடும் இடத்தில் மேசை நாற்காலிகளைப் போட்டார்கள். ஜாஸ் இசையும் உட்கார்ந்து கேட்பதற்கான இசையாக மெல்ல மாறியது. 1958இல் சவாய் மூடப்பட்டது. அதை இடித்த இடத்தில் குடியிருப்புகள் எழுந்தன. சவாயின் தளத்தில் முடிசூடா மன்னராக விளங்கிய ஃப்ராங்கி மானிங் தபால் துறையில் வேலைக்குச் சேர்ந்து ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் அங்கேயே கழித்தார். 1980களில் ஸ்வீடனிலிருந்தும் கலிஃபோர்னியாவிலிருந்தும் வந்த இளைஞர்கள் பழைய ஆட்டக்காரர்களைத் தேடிப்பிடித்துக் கற்றுக்கொள்ளும்வரை அவர்களை எவரும் பொருட்படுத்தவில்லை. இன்று ஸ்வீடனின் ஹெராங் என்னும் சிற்றூரில் ஆண்டுதோறும் கோடையில் உலகெங்கிலுமிருந்து ஆட்டக்காரர்கள் கூடுகிறார்கள். ஹார்லெமின் சொத்தைப் பனிதேசத்துக்காரர்கள் காப்பாற்றியதில் எனக்கு மகிழ்ச்சியும் உண்டு, சற்று வருத்தமும் உண்டு. அவர்கள் ஆடுவதைப் பார்த்துத்தான் அந்த வாசகர் இதை வெள்ளைக்காரர் ஆட்டம் என்று எண்ணிவிட்டாரோ என்னவோ.

இனி, நமக்குச் சம்பந்தமில்லை என்ற கூற்றுக்கு வருகிறேன். இதே 1930களில் நம் தென்னாப்பிரிக்காவின் ஜொகானஸ்பர்க்கில் பீட்டர் ரெசான்ட்டின் மெர்ரி பிளாக்பேர்ட்ஸ், ஜாஸ் மேனியாக்ஸ் முதலிய கறுப்பினக் குழுக்கள் அமெரிக்க ஸ்விங் இசையை வாசித்துத் தம் மக்களை ஆட வைத்தன. சேரிப்பகுதிகளில் பிறந்த மராபி இசை அதனோடு கலந்தது. 1940களில் சாபா சாபா என்ற ஆட்டம் கறுப்பின மக்கள் வாழ்ந்த நகரியங்களில் பரவியது. நம் டர்பனுக்கும் இதில் பங்கு உண்டு. 1950களில் விக்டோரியா தெருவில் பம்பி நாயுடு நடத்திய குட்வில் லவுஞ்ச் என்ற உணவு விடுதியில் ஜாஸ் ஒலித்தது. இந்தியரும் ஆப்பிரிக்கரும் அங்கே ஒன்றாக அமர்ந்தனர். இந்த ஊரில் பிறந்த லயனல் பிள்ளை நாடறிந்த ஜாஸ் பியானோ கலைஞரானார். பிள்ளை, நாயுடு என்ற பெயர்களை நாம் எங்கிருந்து கடன் வாங்கினோம் என்று அந்த வாசகர் சொல்வாரா?

என் பெரியப்பா கிளேர்வுட்டில் கலியாண வீடுகளில் வாசித்த ஒரு இசைக்குழுவில் கிளாரினெட்காரர். தாலி கட்டும்வரை நாதஸ்வரம். சாப்பாட்டுப் பந்தி தொடங்கியதும் இவர்கள் முறை. திரைப்பாட்டுக்கு இடையே ஒரு ஸ்விங் மெட்டை நுழைத்துவிடுவார்கள். பெரியவர்கள் கவனிக்கும்முன் இளைஞர்களின் கால்கள் கவனித்துவிடும். சந்திரபாபுவைத் திரையில் பார்த்துவிட்டு வந்த பையன்களுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. கிளாரினெட்டின் வாய்ப்பகுதியில் அதிரும் ரீடைப் பெரியப்பா கடைசிவரை, நாதஸ்வரத்துக்குச் சொல்வதுபோல், சீவாளி என்றே சொல்வார். இனவாரியாக மக்களைப் பிரித்துக் குடியமர்த்திய குழுவாரிப் பகுதிச் சட்டத்தின்கீழ் வீட்டைக் காலி செய்து சாட்ஸ்வர்த்துக்கு வந்தபோது குழு சிதறியது, கருவி மட்டும் வந்தது. அதைத்தான் இன்று நான் வாசிக்கிறேன்.

பழைய கலையைக் காப்பாற்றுவதென்றால் அதை மேடையேற்றி, ஆண்டுக்கொரு முறை பாரம்பரிய விழாவில் காட்டினால் போதும் என்று நம்மில் பலர் எண்ணுகிறார்கள். எங்களிடமும், கூடத்தைத் தர மறுத்த நிர்வாகக் குழுவினர், பண்பாட்டு விழாவில் பத்து நிமிடம் ஆடிக்காட்டுங்கள் என்று பெருந்தன்மையோடு சொன்னார்கள். கும்மியை எண்ணிப் பாருங்கள். வட்டத்தில் நிற்பவர்கள் எல்லாரும் கும்மியடிப்பவர்களாக இருக்கும்வரைதான் அது கும்மி. பத்துப் பேர் ஒரே நிறப் புடவையில் மேடையில் அடிக்க, மற்றவர்கள் கைப்பேசியில் படம் பிடித்தால் அது வேறொன்றாகிவிடுகிறது. கேப் மாகாணத்தில் கலப்பின மக்கள் ஆடும் லாங்கார்ம் ஆட்டம் சாக்ஸபோன் குழுக்களோடு இன்றும் உயிரோடிருப்பதற்குக் காரணம், அது கலியாணங்களிலும் தேவாலய நிதிதிரட்டல்களிலும் பாட்டியும் பேரனும் ஆடும் ஆட்டமாகவே இருப்பதுதான்.

வாசிப்பவர்களுக்கும் இதில் ஒரு கட்டுப்பாடு உண்டு. உட்கார்ந்து கேட்பவர்களுக்கு வாசிக்கும்போது எவ்வளவு வேண்டுமானாலும் விரிக்கலாம், ஆடுபவர்களுக்கு அப்படியல்ல. பத்து அங்குல இசைத்தட்டின் ஒரு பக்கத்தில் மூன்று நிமிடமே பதிய முடிந்ததால் அக்காலப் பாடல்கள் அந்த அளவில் அமைந்தன. முன்பின் அறியாத ஒருவரோடு ஆடுவதற்கும் அதுவே சரியான அளவு. நிமிடத்துக்கு 120 தாள அடிகளுக்கும் 180 அடிகளுக்கும் இடையே நாங்கள் நிற்கிறோம், அதிலும் அறுபது வயதைக் கடந்தவர்கள் தளத்தில் இருந்தால் கீழ்ப்பக்கமாக. கித்தார் ஒவ்வொரு அடிக்கும் ஒரு மீட்டு, டபுள் பேஸ் அதனோடு நடை, டிரம்ஸ் அதற்குமேல் மெல்லிய அணைப்பு. ஒலிபெருக்கி அதிகம் தேவையில்லை. அடுத்த வீட்டுக்காரர் தூக்கத்தைக் கெடுப்போம் என்ற அச்சமும் ஆகவே தேவையில்லை.

ஆணும் பெண்ணும் கைகோப்பது பற்றிய கவலையைப் பரிகசிக்க மாட்டேன். அது உண்மையான கவலை. எங்கள் வழக்கம் இதுதான்: யாரும் யாரையும் ஆட அழைக்கலாம், யாரும் காரணம் சொல்லாமல் மறுக்கலாம், பெண்ணோடு பெண் ஆடலாம், தாத்தாவோடு பேத்தி ஆடலாம். மது கிடையாது. காலணியின் அடிப்பாகம் தோலாக இருக்க வேண்டும் என்று கேட்கிறோம், ஏனெனில் ரப்பர் அடி தளத்தைப் பற்றிக்கொண்டு முழங்காலைத் திருகிவிடும். தோல் அடி தளத்தைக் கீறுவதில்லை என்பதைச் சேத ஈட்டுத் தொகை கேட்பவர்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

மாதம் ஒரு சனிக்கிழமை, மாலை ஆறு முதல் ஒன்பதரை வரை, மரத்தளம் உள்ள ஒரு கூடம் எங்களுக்கு வேண்டும். வாடகை தருகிறோம், நாற்காலிகளை நாங்களே அடுக்கிவைத்துவிட்டுப் போகிறோம். சாட்ஸ்வர்த்திலோ ஃபீனிக்ஸிலோ அப்படியொரு கூடத்தைப் பொறுப்பில் வைத்திருக்கும் அன்பர்கள் தங்கள் நாளிதழ் வாயிலாகத் தெரிவித்தால் நன்றியுடையவனாவேன். தரைத்தளமாக இருந்தால் நல்லது. எங்கள் பேஸ்காரருக்கு எழுபத்தொரு வயது. அவருடைய கருவி அவரைவிட உயரம்.

இப்படிக்கு,
தங்கள் நாளிதழின் நெடுநாள் வாசகன்,
சாட்ஸ்வர்த், டர்பன்