லொகேஷன் அனுப்பினால் மட்டும் போதாது

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த மலைநடைக் கட்டுரையில் ஒரு வரி: ‘கையில் போன் இருக்கக் கவலை எதற்கு, லொகேஷனை அனுப்பிவிட்டுக் கிளம்புங்கள்.’ அதைப் படித்ததிலிருந்து மனம் ஆறவில்லை. அப்பா காலத்திலிருந்து உங்கள் பத்திரிகை வாங்கும் வீடு எங்களுடையது. அந்த உரிமையில் எழுதுகிறேன்.

எங்கள் போடிக்கு மேலே இருக்கும் மலை தங்களுக்குத் தெரியாததல்ல. கொழுக்குமலைக்கு ஜீப் ஏறுவது கேரளத்துச் சூரியநெல்லியில். தேயிலைத் தோட்டம் இருப்பது தேனி மாவட்டத்தில். நடந்து இறங்கினால் வந்து சேர்வது குரங்கணியில். வழியில் எத்தனையோ இடங்களில் டவர் எடுக்காது. தான் நிற்கும் இடத்தை ஜி.பி.எஸ். காட்டிவிடும், சரி. அதை வீட்டுக்குத் தெரிவிக்க டவர் வேண்டாமா? அவசர உதவி எண்ணான 112-ஐ அழைத்தால் வேறு கம்பெனி டவர் வழியாகவாவது போகும். எந்த டவரும் எட்டாத பள்ளத்தில் அதுவும் போகாது. சிக்னலைத் தேடித் தேடியே பேட்டரி தீர்ந்துவிடும்.

என் அக்கா மகன் கல்லூரி நண்பர்களோடு போனான். “மூணாறு பக்கம் போறோம்மா” என்று மட்டும் அக்காவிடம் சொல்லியிருக்கிறான். ஞாயிறு இரவாகியும் திரும்பவில்லை. போன் ‘தொடர்பு எல்லைக்கு வெளியே’ என்றது. போலீஸ் ஸ்டேஷனுக்கு ஓடினோம். “எந்த வழியா ஏறினாங்க? டாப் ஸ்டேஷனா, கொழுக்குமலையா?” என்று கேட்டார்கள். டாப் ஸ்டேஷன் என்பது மூணாறு பக்கத்து மலை உச்சி. நியாயமான கேள்விதான். அக்காவிடம் பதில் இல்லை. தேட வேண்டியது தமிழ்நாட்டிலா கேரளத்திலா என்றே தெரியாமல் விடியும்வரை உட்கார்ந்திருந்தோம். பிஸ்கட் வாங்கும்போது பையன்கள் வழி கேட்டது குரங்கணியில் ஒரு டீக்கடைக்காரருக்கு நினைவிருந்ததால், மறுநாள் கணுக்கால் முறிந்து கிடந்தவனைத் தூக்கி வந்தோம். அந்தப் புண்ணியவான் அன்று கடை திறக்காமல் இருந்திருந்தால்?

2018 மார்ச் 11-ஐ நான் சொல்லித்தான் நீங்கள் அறிய வேண்டும் என்பதில்லை. குரங்கணிக் காட்டுத்தீயில் மலையேறப் போன 23 பேரின் உயிர் போயிற்று. டாப் ஸ்டேஷன் வழிக்கு அனுமதி வாங்கிவிட்டுக் கொழுக்குமலைக்குப் போனார்கள் என்று வனத்துறை சொன்னதாக அப்போது செய்தி வந்தது. வழியைச் சொல்லியிருந்தால் தீ அணைந்திருக்கும் என்று நான் சொல்லவில்லை. ஆனால் மேலே யார், எத்தனை பேர், எந்தப் பக்கம் என்பதைக் கீழே ஒருவர் அறிந்திருப்பது தேடப் போகிறவனுக்கு எவ்வளவு பெரிய உதவி! முதலில் மலையேறி ஓடியவர்கள் உள்ளூர் ஆட்கள். காயம்பட்டவர்களைச் சுமந்து இறக்கியவர்களும் அவர்கள்தான். அவர்களைப் பற்றி உங்கள் பத்திரிகையில் நாலு வரிக்கு மேல் வந்ததாக எனக்கு நினைவில்லை. அப்போதே ஒரு கடிதம் அனுப்பினேன். இடமில்லாமல் போயிருக்கும் என்று மனதைத் தேற்றிக்கொண்டேன்.

அதன் பிறகும் என்ன வந்தது? ‘யாரும் அறியாத அருவி’ என்று வண்ணப் படம். அது காப்புக்காடா, உள்ளே போக அனுமதி உண்டா என்று ஒரு சொல் இல்லை. 2024-ல் அரசே 40 பாதைகளைத் தேர்ந்து, வழிகாட்டியோடு போக இணையத்தில் முன்பதிவு வைத்தது. அப்படிப் போகிறவரின் பெயரும் பாதையும் பதிவில் இருக்கும். உங்கள் கட்டுரையைப் படித்துவிட்டுத் தானாகக் கிளம்பும் பிள்ளைக்கு எந்தப் பதிவு இருக்கிறது? எழுதியவருக்கு எங்கள் மலைச்சரிவில் ஒரு மாலையாவது இருட்டியிருந்தால் அந்த வரியை எழுதியிருக்க மாட்டார்.

நான் கேட்பது பெரிதில்லை. ஞாயிறு இணைப்பில் மலை பற்றி எது வந்தாலும் அடியில் ஒரு சிறு பெட்டிச் செய்தி போடுங்கள். எங்கே ஏறி எங்கே இறங்குகிறோம், கூட வருவது யார், வண்டி எண் என்ன, எத்தனை மணிக்குத் திரும்புவோம், அதைத் தாண்டினால் யாரை அழைக்க வேண்டும் என்பதைத் தாளில் எழுதி வீட்டில் ஒருவரிடம் கொடுக்கச் சொல்லுங்கள். நடுவில் வழியை மாற்றுவதானால், டவர் இருக்கும் இடத்திலேயே சொல்லிவிட்டு மாற்றச் சொல்லுங்கள். பையில் ஒரு விசிலும் இருக்கட்டும். நிமிடத்துக்கு ஆறு முறை ஊதி ஒரு நிமிடம் நிறுத்துவது மலையேறுவோரின் ஆபத்துக் குறி. எட்டு வரியில் முடிந்துவிடும். அடுத்த ஞாயிறே போட்டால் நல்லது, ஏனென்றால் பள்ளி விடுமுறை வருகிறது.

இப்படிக்கு,
நெடுநாள் வாசகன்,
போடிநாயக்கனூர்