வாக்களித்த பிறகும் உறங்காத நண்பனுக்கு

திருச்சி,
22.05.2024

அன்பு நண்பனுக்கு,

நலம். நீயும் வீட்டில் அனைவரும் நலமாயிருக்க வேண்டுகிறேன். இரவு பதினொரு மணி வரை தொலைக்காட்சி விவாதம், பிறகு படுக்கையில் கைப்பேசி, விடியுமுன் விழித்து மீண்டும் அதே கைப்பேசி என்று உன் நாட்கள் கழிவதையும், மருத்துவர் இரத்த அழுத்த மாத்திரையின் அளவைக் கூட்டிவிட்டதையும் உன் கடிதத்தில் படித்து வருந்தினேன். அரசியலை விட்டுத் தள்ளு என்று நான் சொல்லப்போவதில்லை. நாட்டின் மீது அக்கறை இல்லாதவனுக்கு இந்தத் தவிப்பு வராது. அந்த அக்கறைக்காகவே கல்லூரி நாட்களிலிருந்து உன்னை எனக்குப் பிடிக்கும்.

ஆனால் ஒன்றை எண்ணிப் பார். பல கட்டங்களாக நடக்கும் இந்த மக்களவைத் தேர்தலில் நம் மாநிலத்தின் 39 தொகுதிகளும் ஏப்ரல் 19 அன்றே வாக்களித்துவிட்டன. எண்ணிக்கையோ ஜூன் 4. இந்த 46 நாட்களில் நீயும் நானும் அளித்த வாக்குகள் முத்திரையிட்ட அறையில் காவலுக்குள் இருக்கின்றன. நாம் எத்தனை மணி நேரம் செய்தி பார்த்தாலும் அவற்றில் ஒன்றுகூடக் கூடப்போவதில்லை, குறையப்போவதுமில்லை. ஜூன் 1 மாலை ஆறரை மணி வரை வாக்குப்பதிவுக்குப் பிந்தைய கருத்துக்கணிப்பு முடிவுகளை வெளியிடவும் சட்டம் தடை விதித்திருப்பதால், சொல்வதற்குப் புதிதாக ஏதுமில்லாத தொலைக்காட்சிகள், காலையில் ஒரு தலைவரின் பேச்சையும், நண்பகலில் அதற்கு வந்த கண்டனத்தையும், இரவில் அந்தக் கண்டனத்தைப் பற்றிய விவாதத்தையும் காட்டி நேரத்தை நிரப்புகின்றன. நடந்தது ஒன்றுதான், அதை நாலைந்து முறை கேட்கும் மனம் நாலைந்து ஆபத்துகள் நேர்ந்துவிட்டதாக எண்ணிப் பதறுகிறது.

வாக்குப்பதிவுக்கு முந்தைய வாரங்களில் எனக்கும் பதற்றம் இருந்தது. அது உறக்கத்தைக் கெடுக்கவில்லை. செய்வதற்கு வேலை இருந்ததுதான் காரணம் என்று இப்போது நினைக்கிறேன். எங்கள் தெருவில் 85 வயதைக் கடந்த ஒரு பாட்டி நடமாட முடியாமல் இருக்கிறார். வீட்டிலிருந்தே வாக்களிப்பதற்கான 12டி படிவத்தை நிரப்பிக் கொடுத்து, அலுவலர்கள் வாக்குச்சீட்டுடன் வீடு தேடி வந்த நாளில் திண்ணையில் காத்திருந்தேன். வாக்களித்து முடித்ததும் பாட்டியின் முகத்தில் தெரிந்த நிறைவைக் கண்டபோது, இந்தத் தேர்தலில் என் பங்கு முடிந்துவிட்டது என்று உண்மையாகவே தோன்றியது. வாக்குப்பதிவுக்குப் பிறகு காலையில் நாளிதழை முழுதாகப் படிக்கிறேன். அதற்குமேல் அன்றைக்கு அரசியல் செய்தி இல்லை. கைப்பேசியில் செய்தி அறிவிப்புகளை எல்லாம் நிறுத்திவிட்டேன். முதல் சில நாட்கள் கை தானாகக் கைப்பேசியை நோக்கிப் போனது, பிறகு பழகிவிட்டது.

எல்லாச் செய்தியும் வெற்று ஆரவாரம் என்று நான் சொல்லவில்லை. முதல் கட்ட வாக்குப்பதிவின் இறுதி விழுக்காட்டை வெளியிடத் தேர்தல் ஆணையத்துக்கு ஏப்ரல் 30 வரை ஆனதும், ஒவ்வொரு சாவடியிலும் பதிவான வாக்குகளைக் குறிக்கும் 17சி படிவத்தைப் பொதுவெளியில் வைக்கக் கோரும் வழக்கு உச்ச நீதிமன்றத்தில் இருப்பதும் குடிமகன் கூர்ந்து கவனிக்க வேண்டியவை. அந்தப் படிவத்தின் நகல் சாவடியிலேயே வேட்பாளர்களின் முகவர்களுக்குக் கொடுக்கப்படுகிறது என்ற அடிப்படைச் செய்தியை நான் நாளிதழில் நிதானமாகப் படித்துத்தான் புரிந்துகொண்டேன். கூச்சலுக்கு நடுவில் அது என் காதில் விழவே இல்லை.

இனி வரப்போகும் ஜூன் 1, ஜூன் 4 ஆகிய இரண்டு நாட்களைப் பற்றித்தான் எனக்குக் கவலை. ஜூன் 1 இரவு கணிப்புகள் கொட்டும். 2004ஆம் ஆண்டு உனக்கு நினைவிருக்கும்: தேசிய ஜனநாயகக் கூட்டணியே முந்தும் என்று கணிப்புகள் கூறின, எண்ணி முடித்தபோது காங்கிரஸ் 145, பா.ஜ.க. 138. ஆகவே கணிப்பு உனக்கு உவப்பாக இருந்தாலும் கசப்பாக இருந்தாலும் அன்றிரவு அதற்காக விழித்திருக்காதே. ஜூன் 4 காலை எட்டு மணிக்கு அஞ்சல் வாக்குகளில் எண்ணிக்கை தொடங்கும். பிறகு சுற்றுச் சுற்றாக இயந்திரங்களைத் திறப்பார்கள். முதல் சில சுற்றுகளின் முன்னிலை எந்தப் பகுதியின் இயந்திரங்கள் முதலில் வந்தன என்பதைப் பொறுத்தது. நண்பகலுக்குள் பல இடங்களில் அது மாறலாம். மாத்திரையைப் போட்டுக்கொண்டு, சாப்பிட்டுவிட்டு, மதியத்துக்கு மேல் பார்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். நம் வகுப்பு நண்பர்களின் வாட்ஸ்அப் குழுவில் வந்த ஒரு கடுமையான பதிவுக்காக நீ வெளியேறிவிட்டாய். அதை எழுதியவனுடன் பேசுவதையும் நிறுத்திவிட்டாய். அவன் எழுதியது தவறு என்பதில் எனக்கு ஐயமில்லை. இருந்தாலும் ஜூன் 4க்கு முன்பே அவனை அழைத்துப் பேசு. முடிவு வந்த பிறகு உங்களில் ஒருவன் வென்றவனாகவும் மற்றவன் தோற்றவனாகவும் இருப்பீர்கள். அப்போது நீ அழைத்தால், உன் பக்கம் வென்றிருந்தால் அது குத்திக்காட்டுவதாகவும், தோற்றிருந்தால் பணிந்துபோவதாகவும் தோன்றும். இன்று அப்படி எதுவும் இல்லை. அவனுடைய மகளுக்குத் திருமணம் நிச்சயமாகியிருக்கிறது, உனக்குத் தெரியாது என்று நினைக்கிறேன். அதைக் கேட்டே பேச்சைத் தொடங்கு. பேசிய பின் எனக்கு இரண்டு வரி எழுது.

அன்புடன்,
உன் நண்பன்