கடோத்கஜன் சாப்பிட்ட கல்யாணச் சாப்பாடு

வடபழனி, சென்னை
ஞாயிறு மதியம்

அன்பு நண்பா,

உன் கடிதம் வந்து இருபது நாள் ஆகிவிட்டது. பதில் போடாததற்குச் சோம்பலைத் தவிர வேறு காரணம் இல்லை. கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்ததில் சந்தோஷம். சொட்டு மருந்தை நேரத்துக்குப் போடு. உன்னை எனக்குத் தெரியாதா, மூன்றாம் நாளே "எல்லாம் சரியாயிடுச்சு" என்று புட்டியைத் தூக்கிப் பரணில் போட்டுவிடுவாய்.

நான் ஒரு மாதமாக மகன் வீட்டில் இருக்கிறேன். முழங்கால் வலி அப்படியேதான் இருக்கிறது. டாக்டர் நடக்கச் சொல்கிறார், நடந்தால் வலிக்கிறது என்றால் அதற்கும் நடக்கத்தான் சொல்கிறார். சரி என்று சாயங்காலம் பேரனைக் கூட்டிக்கொண்டு பக்கத்திலிருக்கிற மாலுக்குப் போய் வருகிறேன். அது என்ன இடம் தெரியுமா? பழைய விஜயா வாஹினி ஸ்டூடியோ. இப்போது அந்த வளாகத்தில் ஒரு பக்கம் ஆஸ்பத்திரி, ஒரு பக்கம் கல்யாண மண்டபம், இன்னொரு பக்கம் இந்த மால். நாம் டூரிங் டாக்கீஸில் மணலைக் குவித்து மேடாக்கி உட்கார்ந்து பார்த்தோமே மாயாபஜார், அதை எடுத்தவர்களின் இடம் இதுதான்டா. துவாரகை இருந்த இடத்தில் எஸ்கலேட்டர் ஓடுகிறது.

போன சனிக்கிழமை நல்ல மழை. வெளியே போக முடியவில்லை, பையன் வீட்டில் ஆட்டம் போட்டுக்கொண்டிருந்தான். டிவியில் மாயாபஜாரைத் தேடிப் போட்டேன். "கலர் இல்லையா தாத்தா?" என்று முகத்தைச் சுளித்தான். தெலுங்கு மாயாபஜாருக்கு 2010இல் கம்ப்யூட்டரில் வண்ணம் பூசித் தியேட்டரில் விட்டார்கள். அதை நானும் பார்த்தேன், எனக்கு ஒட்டவில்லை. கேமராமேன் மார்க்கஸ் பார்ட்லே கறுப்பையும் வெள்ளையையும் மட்டும் வைத்துக்கொண்டு செய்த நிலா வெளிச்சத்துக்கு மேல் எதைப் பூசினாலும் அழுக்கு மாதிரித்தான் இருக்கிறது. "ஆஹா இன்ப நிலாவினிலே" பாட்டில் ஓடம் போகிறதே, தண்ணீரில் அந்த வெளிச்சம் நெளிவதை மறுபடி ஒரு தடவை பார். ஸ்டூடியோவுக்குள் விளக்குப் போட்டே பெரும்பாலும் எடுத்தது என்று தெரிந்த பிறகும் எனக்கு அது நிலாதான்.

அந்த ஓடத்தில் இன்னொரு வேடிக்கை உண்டு. டைரக்டர் கே.வி. ரெட்டி இரண்டு பாஷையிலும் சேர்த்தே எடுத்தார். 1957 மார்ச் கடைசியில் தெலுங்கு வந்தது, ஏப்ரலில் தமிழ். சாவித்திரி, ரங்காராவ், என்.டி. ராமராவ் மூவரும் இரண்டிலும் உண்டு. ஆனால் அபிமன்யு அங்கே நாகேஸ்வர ராவ், இங்கே ஜெமினி கணேசன். சாவித்திரி ஒரே ஓடத்தில், ஒரே நிலாவில், இரண்டு பேரைக் காதலிக்க வேண்டியிருந்தது. தமிழில் எதிரே உட்கார்ந்திருந்தவர் சொந்தப் புருஷன்.

பத்து நிமிஷம் பையன் சோபாவில் புரண்டுகொண்டுதான் இருந்தான். கடோத்கஜன் வந்ததும் எழுந்து உட்கார்ந்தான். ரங்காராவைப் பற்றி உனக்கு நான் சொல்லவேண்டியதில்லை. "கல்யாண சமையல் சாதம்" வந்தபோது டிவிக்கு ஒரு முழ தூரத்தில் போய் நின்றுவிட்டான். அண்டா அண்டாவாகச் சோறு, தட்டுகள் தானே நகர்ந்து வருகின்றன, லட்டு தானே எழும்பி வாயில் போய் விழுகிறது. ராட்சசன் என்றால் பயப்பட வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக் கொடுத்த கார்ட்டூன்களெல்லாம் அன்றைக்குத் தோற்றுப்போயின. திரும்பப் போடு, திரும்பப் போடு என்று நாலு தடவை.

நாலு தடவை கேட்டதில் எனக்கு ஒன்று அகப்பட்டது. "அந்த கௌரவப் பிரசாதம்" என்று வருகிறதே, பாட்டை எழுதின தஞ்சை ராமையாதாஸ் அங்கே ஒரு வேலை பார்த்திருக்கிறார். கௌரவர்கள் வீட்டுச் சாப்பாடு என்றும் ஆச்சு, கௌரவமான சாப்பாடு என்றும் ஆச்சு. சம்பந்திகளின் கௌரவத்தையே ஒருத்தன் உட்கார்ந்து வழித்துத் தின்கிறான்! இத்தனை வருஷம் பஜ்ஜி சொஜ்ஜியில் மயங்கி இதைக் கவனிக்காமல் விட்டுவிட்டேன். பாட்டில் பூரிக்கிழங்கு கூட வருகிறது. துவாபர யுகத்தில் உருளைக்கிழங்கு ஏது என்று நீ வாத்தியார் புத்தியில் கேட்பாய். கேட்காதே. திருச்சி லோகநாதன் குரலில் அது வந்தால் எந்த யுகத்திலும் கிடைக்கும்.

அந்தச் சிரிப்பைப் பற்றி மகன் ஒரு விஷயம் காட்டினான். அமெரிக்காவில் ஜார்ஜ் ஜான்சன் என்று ஒரு கறுப்பினப் பாடகர். அடிமையாகப் பிறந்தவர், நியூயார்க் படகுத்துறையில் சீட்டியடித்துக் காசு வாங்கிப் பிழைத்தவர். 1890களில் சிரிப்பையே பாட்டாகப் பாடி மெழுகு உருளையில் பதிவு செய்திருக்கிறார். அப்புறம் 1920களில் சார்லஸ் பென்ரோஸ் என்கிற ஆங்கிலேயர் சிரிக்கும் போலீஸ்காரன் என்று அதே மெட்டை எடுத்துப் பாடினார். இரண்டையும் கேட்டுவிட்டு நம் பாட்டைக் கேட்டால், அட, அதே ஹஹ்ஹஹ்ஹாதான்! தெலுங்கு நாடக மேடையில் இந்தக் கல்யாணச் சாப்பாட்டுப் பாட்டு படத்துக்கு முன்னாலேயே உண்டு. மெட்டு எந்தக் கப்பலில் ஏறி எந்தத் துறையில் இறங்கியதோ, காது மட்டும் இரண்டும் ஒன்று என்கிறது. படகுத்துறையில் பசியோடு நின்ற ஒருத்தரின் சிரிப்பு, கடைசியில் வயிறு முட்டச் சாப்பிடுகிற ராட்சசன் வாய்க்கு வந்து சேர்ந்திருக்கிறது.

சாவித்திரியைச் சொல்லாமல் விட்டால் எனக்குத் தூக்கம் வராது. அபிமன்யுவுக்குப் பேசின பலராமன் மகள் வத்சலா. கடோத்கஜன் அவள் மாதிரி உருமாறி கௌரவர் வீட்டுக் கல்யாணப் பெண்ணாக வந்து உட்காருகிறான். அதாவது, ரங்காராவை சாவித்திரி நடிக்க வேண்டும். புடவை, பூ, நகை எல்லாம் பெண்ணுக்குரியது. தோள் மட்டும் ராட்சசன் தோள்! நடக்கும்போது கவனி, தரை அதிரும் என்கிற நினைப்பில் நடப்பார். சட்டென்று ஞாபகம் வந்து குனிந்து நாணுவார். மணவறையில் மாப்பிள்ளை தங்கவேலுவின் காலை அவர் மிதிக்க, இவர் "ஐயோ" என்று கத்தவும் முடியாமல் விழிக்க, பையன் சோபாவிலிருந்து கீழேயே விழுந்துவிட்டான். அப்போது அந்த அம்மாளுக்கு இருபதைத் தாண்டிக் கொஞ்ச வயசுதான்.

மாயமாக வருகிற எதுவுமே பெரிய ஆயுதமாக இல்லை என்பதையும் இந்தத் தடவைதான் கவனித்தேன். சுருண்டுகொள்கிற கம்பளம், படுத்தவனைத் தூக்கிப் போடுகிற கட்டில், ஏறி நின்றால் உண்மையைக் கக்க வைக்கிற பெட்டி. எல்லாம் வீட்டுச் சாமான். மனசுக்கு எது ரொம்பப் பிரியமோ அதைக் காட்டுகிற பெட்டி ஒன்று வருமே, அதில் வத்சலாவுக்கு அபிமன்யு தெரிகிறான், அவள் அம்மா ரேவதிக்கு நகை தெரிகிறது. கிருஷ்ணர் திறந்தால் சகுனி! அந்த ஒரு இடத்துக்கு எழுதினவர் கையில் மோதிரம் போட வேண்டும். பையன் அதை "லேப்டாப்" என்றான், அவ்வளவுதான்.

படத்தைத் தயாரித்த நாகிரெட்டியும் சக்ரபாணியும்தான் அம்புலிமாமா நடத்தினார்கள் என்பதை நினைத்துக்கொண்டால் இதெல்லாம் ஆச்சரியமில்லை. 1947இலிருந்தே குழந்தைகளுக்குக் கதை சொல்லிப் பழகின கை. குழந்தைக்கு வேதாளமும் பிடிக்கும், வேதாளம் கேட்கிற நியாயமான கேள்வியும் பிடிக்கும் என்று தெரிந்தவர்கள்.

இப்போது நான் எழுத வந்த விஷயத்துக்கு வருகிறேன். படம் முடிகிற சமயத்தில் பையன் கேட்டான்: "அபிமன்யுவோட அப்பா எங்கே தாத்தா?"

யோசித்துப் பார். மூன்று மணி நேரப் பாரதப் படம், அர்ஜுனன் இல்லை, தர்மன் இல்லை, பீமன் இல்லை. பாண்டவர் ஐந்து பேரும் ஒரு காட்சியில்கூட முகம் காட்டுவதில்லை. நாற்பது வருஷத்துக்கு மேல் பார்த்திருக்கிறேன், எனக்கு இது உறைத்ததே இல்லை. "சூதாட்டத்துல எல்லாத்தையும் தோத்துட்டு காட்டுக்குப் போயிட்டாங்கடா" என்றேன். "அதனாலதான் பொண்ணு தரமாட்டேங்கறாங்களா?" என்றான். ஆமாம், அதனால்தான். கதையே அவ்வளவுதான். வியாசர் பாரதத்தில் வத்சலா கிடையாது, அதில் அபிமன்யுவுக்கு உத்தரைதான். நாட்டுப்புறத்தில் யாரோ, நொடித்துப்போன வீட்டுப் பையனுக்குப் பேசின பெண்ணைக் கொடுக்காமல் விட்டதைப் பார்த்துப் பொறுக்காமல் இந்தக் கதையைக் கட்டியிருக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றுகிறது.

உடனே உன் ஞாபகம் வந்தது.

உன் அப்பாவின் மண்டி மூழ்கின வருஷம்தான் நம் ஊர் டாக்கீஸுக்கு மாயாபஜார் வந்தது. உன் தாய்மாமன் "பொண்ணு மேல படிக்கணும்னு சொல்றா" என்று சொல்லி அனுப்பினாரே, அந்த வருஷம். தரை டிக்கெட்டில் நீ நாலு நாள் தொடர்ந்து வந்தாய். நான் உன்னைக் கேலி செய்தேன், லட்டுக்கு நாக்கைத் தொங்கப் போட்டுக்கொண்டு வருகிறாய் என்று. ஒரே புரொஜெக்டர், ரீல் மாற்ற மாற்ற விளக்குப் போடுவார்கள். ஆனால் நீ விளக்குப் போடுகிற நேரத்தில் எழுந்து போகமாட்டாய். சுபத்திரை மகனைக் கூட்டிக்கொண்டு அண்ணன் வீட்டுக்கு வந்து, அவமானப்பட்டுத் திரும்புகிற இடம் வரும்போது எழுந்து சோடா குடிக்கப் போவாய். நாலு நாளும் போனாய். கல்யாணப் பந்தலில் கலாட்டா ஆரம்பிக்கிற நேரத்துக்குச் சரியாக வந்து உட்காருவாய். பக்கத்தில் உட்கார்ந்து வேர்க்கடலை தின்றுகொண்டிருந்த எனக்கு இது அன்றைக்கு விளங்கவில்லை. போன சனிக்கிழமைதான் விளங்கியது. அவ்வளவு மந்தம் நான். திட்டுவதானால் அடுத்த கடிதத்தில் திட்டிக்கொள்.

உனக்குக் கடோத்கஜன் வரவில்லை. ஆனால் மகராசி வந்து வாய்த்தாள், அதில் குறை சொல்ல முடியாது. அவளுக்கு என் நமஸ்காரம்.

ஆனால் பையன் அதோடு விடவில்லை. படுக்கப் போகும்போது, "அப்புறம் அபிமன்யு, கடோத்கஜன் ரெண்டு பேரும் என்ன ஆனாங்க?" என்றான். நான் விளக்கை அணைத்துவிட்டு, "நாளைக்குச் சொல்றேன், தூங்கு" என்றேன். குருக்ஷேத்திரப் போரில் பதின்மூன்றாம் நாள் ஒருத்தன் விழுந்தான், பதினான்காம் நாள் ராத்திரி இன்னொருத்தன். படத்தில் நாம் சிரித்துக்கொண்டிருக்கிற அந்தக் கல்யாணத்துக்குப் பின்னால் இருக்கிறது அது. கே.வி. ரெட்டி அதைப் பற்றி மூச்சே விடவில்லை. ஆனால் தாத்தாக்கள் எல்லாருக்கும் தெரியும், தெரிந்துகொண்டே சிரித்தோம். என் அப்பா ஒருதடவை என்னோடு பார்க்க வந்தவர், எல்லாரும் சிரிக்கும்போது வேட்டி முனையால் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தார். கொட்டகைப் புகை என்றார். நானும் நம்பினேன்.

ஒரு வாரமாகப் பையனிடம் நழுவிக்கொண்டிருக்கிறேன். நீ முப்பது வருஷம் சின்னப் பிள்ளைகளுக்குக் கதை சொன்ன வாத்தியார். ஏழு வயசுக்காரனிடம் இதைச் சொல்லலாமா, இன்னும் இரண்டு வருஷம் போகட்டுமா? உடனே எழுது. எழுதக் கண் கூசினால் போன் பண்ணு, ராத்திரி ஒன்பதுக்கு மேல் வேண்டாம், இங்கே எல்லாரும் தூங்கிவிடுவார்கள்.

தை பிறந்ததும் ஊருக்கு வருகிறேன். முழங்கால் விட்டால்.

உன்
பழைய பெஞ்சுக்காரன்

பின்குறிப்பு: பேரன் இப்போது ரசஞ்சாதத்தைக்கூடத் தொடையில் தட்டி ஹஹ்ஹஹ்ஹா என்று சிரித்துவிட்டுத்தான் சாப்பிடுகிறான். பாதி வாயிலிருந்து வெளியே வருகிறது. மருமகள் என்னைத்தான் முறைக்கிறாள்.