மீரிப் பயண நிரலை மாற்றிப் போடுங்கள்: தமிழ்ச் சாகசப் பயண ஏற்பாட்டாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள ஏற்பாட்டாளர்களே,

வணக்கம். கோலாலம்பூரிலும் கிள்ளானிலும் ஈப்போவிலும் இருந்து நம் இளையர்களைச் சரவாக் மாநிலத்தின் மீரி நகரை ஒட்டிய கடலுக்கும் குகைகளுக்கும் அழைத்துப் போகிறீர்கள். காற்றுக் குடுவையைச் சுமந்து கடலடிக்குப் போகும் முக்குளிப்பு வெள்ளைக்காரர்களுக்கும் சீனர்களுக்கும்தான் என்றிருந்த நினைப்பை உடைத்தவர்கள் நீங்கள். அதற்கு மனமார்ந்த நன்றி. ஏப்ரலில் கடல் அமைதியாகி அடுத்த பருவம் தொடங்குவதற்குள் உங்கள் நிரலில் ஒன்றே ஒன்றை மாற்றுங்கள் என்று கேட்கவே இதை எழுதுகிறேன். கடலை முதலில் வையுங்கள், நியா குகையைக் கடைசியில் வையுங்கள்.

இப்போதைய வழக்கம் நேர்மாறாக இருக்கிறது. வெள்ளி இரவு மீரி, சனி காலை அவசரமாக நியா, ஞாயிறு காலை இரண்டு முக்குளிப்பு, மாலையில் விமானம். ஆழத்தில் அழுத்தப்பட்ட காற்றைச் சுவாசிக்கும்போது நைட்ரஜன் உடலில் கரைகிறது. கரையேறிய பிறகு அது மெல்ல மெல்லத்தான் வெளியேறும். அதற்குள் விமானம் ஏறினால், அங்கே காற்றழுத்தம் குறைவு என்பதால், கரைந்த வாயு குமிழிகளாகத் திரண்டு மூட்டையும் நரம்பையும் தாக்கலாம். ஒரே ஒரு முக்குளிப்பு என்றால் குறைந்தது 12 மணி நேரம், ஒன்றுக்கு மேல் என்றால் 18 மணி நேரம் கழித்தே பறக்க வேண்டும் என்பது முக்குளிப்பாளர்கள் எல்லோரும் படிக்கும் பாடம். ஞாயிறு பதினொரு மணிக்குக் கரையேறி ஆறு மணிக்குப் பறப்பவருக்கு ஏழு மணி நேரம்தான் கிடைக்கிறது.

நான் வந்த பயணத்தில் பக்கத்து இருக்கைத் தம்பி வழி நெடுக வலது தோளைத் தேய்த்துக்கொண்டே இருந்தான். கேட்டால், "டேங்க் தூக்கினதுண்ணே" என்றான். அதுவாகவும் இருந்திருக்கலாம். ஆனால் மூட்டுவலிதான் குமிழிகளால் வரும் இந்த நோயின் முதல் அறிகுறிகளில் ஒன்று என்று அந்தப் பயணத்தில் ஒருவரும் அவனுக்குச் சொல்லியிருக்கவில்லை. மீரியிலிருந்து முலு குகைகளுக்குச் சிறு விமானத்தில் அழைத்துப் போகிறவர்களுக்கும் இதே விதிதான். மேலே மிதந்து பார்ப்பவர்களுக்கு மட்டும் இந்தக் கவலை இல்லை.

சனிக்கிழமை காலையே கடலை முடித்துவிட்டால் இந்தச் சிக்கல் தீர்ந்துவிடும். நியாவுக்குத் தரைவழியாக, ஒன்றரை மணி நேரத்தில் போய்விடலாம். அதைவிடப் பெரிய நன்மை, நியாவுக்கு ஒரு முழு நாள் கிடைப்பது.

இப்போது நீங்கள் அந்தக் குகைக்குத் தருவது மூன்று மணி நேரம். நியா ஆற்றைப் படகில் கடந்து, காட்டுக்குள் மூன்று கிலோமீட்டருக்கு மேல் பலகைப் பாதையில் நடக்கவே அதில் பாதி போய்விடுகிறது. 60 மீட்டர் உயரமும் 250 மீட்டர் அகலமும் உள்ள அந்த மேற்கு வாயிலில் நின்று படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுகிறார்கள். அங்கேதான் 1958இல் தொல்லியல் ஆய்வாளர்களான ஹாரிசன் தம்பதியர் தலைமையிலான அகழ்வில் ஒரு மனித மண்டையோடு கிடைத்தது. ஏறத்தாழ 37,000 ஆண்டு பழையது. பதின்ம வயதுப் பையன் என்றே நீண்ட காலம் நம்பினார்கள். 2016இல் வெளிவந்த மறு ஆய்வு, அது நடுத்தர வயதுப் பெண்ணாக இருக்கலாம் என்றது. இன்னும் உள்ளே போனால் காயின் ஹித்தாம் குகை. அதன் சுவரில் செந்நிறத்தில் படகுகள் வரைந்திருக்கிறார்கள், தரையில் படகு வடிவச் சவப்பெட்டிகள் கிடைத்தன. இறந்தவர்களைப் படகேற்றி அனுப்பிய இடம் அது. 2024இல் புதுடில்லியில் கூடிய யுனெஸ்கோ குழு நியாவை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. இந்த இடத்தில் நம் பிள்ளைகள் ஒலிபெருக்கியில் குத்துப்பாட்டு போட்டபோது எனக்குத் தாங்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். இது என்ன இடம் என்று யாருமே அவர்களிடம் பேசவில்லை.

உள்ளூர் வழிகாட்டி ஒருவரை அமர்த்துங்கள். கூரையிலிருந்து தொங்கும் பெலியான் என்ற இரும்புபோன்ற உறுதியான மரக் கம்பங்களைக் காட்டி, அதில் ஏறித்தான் உழவாரக் குருவிகளின் கூடுகளை எடுக்கிறார்கள் என்று அவர் சொல்லும்போது அண்ணாந்து பார்க்கிறவருக்குக் கால் கூசும். சாயங்காலம் வரை இருங்கள். குருவிகள் கூட்டம் கூட்டமாக உள்ளே வரும், அதே வாயில் வழியாக வௌவால்கள் வெளியே போகும். நண்பகலில் கிளம்பிவிடுகிற உங்கள் குழுக்கள் ஒருமுறைகூட இதைப் பார்த்ததில்லை. திரும்பும் வழி இருட்டாக இருக்கும், பலகை வழுக்கும். ஆளுக்கொரு டார்ச் வேண்டும், படகுக்காரரிடமும் பூங்கா அலுவலகத்திலும் முன்பே சொல்லி வைக்க வேண்டும்.

கடலைப் பற்றியும் ஒரு வார்த்தை. மீரி–சிபுத்தி பவளப்பாறைப் பூங்கா 2007இல் அறிவிக்கப்பட்டது. ஆறுகள் கொண்டுவரும் வண்டலோடு அந்தப் பவளங்கள் ஏற்கெனவே போராடுகின்றன. புதிதாக இறங்குகிறவர்கள் அவற்றின்மேல் கால் ஊன்றாதபடி, முதலில் மணல் தரையில் மிதக்கப் பழக்குங்கள்.

ஞாயிறு இரவு நியாவிலிருந்து திரும்பி, திங்கள் காலை விமானம் ஏறும்படி நிரலை அமைத்தால் எல்லாம் சரியாக வரும். ஒரு நாள் விடுப்பும் ஓர் இரவு அறைக் கட்டணமும் கூடும். அதை எங்களிடமே வாங்கிக்கொள்ளுங்கள், தருகிறோம். அடுத்த பருவத்துக்கான தேதிகளை அறிவிக்கும்போது, கடைசி முக்குளிப்பு எத்தனை மணிக்கு, விமானம் எத்தனை மணிக்கு என்ற இரண்டையும் அறிவிப்பிலேயே போடுங்கள்.

அன்புடன்,
உங்களோடு மீரிக்கு வந்த ஒரு பயணி