விசேஷம் ஒன்றுமில்லை

அன்புள்ள வசந்தி,

இங்கே நாங்கள் நலம். நீயும் உன் வீட்டுக்காரரும் பேரனும் எப்படி இருக்கிறீர்கள்? பிலாயில் மழை விட்டதா? இதையெல்லாம் போனில் சொன்னால் பாதியில் குக்கர் விசில் அடிக்கிறது என்று ஓடிவிடுவாய். வாட்ஸ்அப்பில் அனுப்பினால் கட்டைவிரல் படத்தைப் போட்டுவிட்டு அடுத்த வேலைக்குப் போய்விடுவாய். அதனால்தான் கடிதம். உட்கார்ந்து படி.

ஆடி மாதம் காரை எடுத்துக்கொண்டு நாங்கள் இரண்டு பேரும் சென்னையிலிருந்து கடலோரமாகவே தெற்கே போய், சொந்தக்காரர்களையும் பழைய சிநேகிதிகளையும் பார்த்துவிட்டு வந்தோம். இவருக்குக் கண்புரை ஆபரேஷன் ஆனதிலிருந்து வண்டி ஓட்டுவது நான்தான். பக்கத்தில் உட்கார்ந்து இல்லாத பிரேக்கை மிதித்துக்கொண்டே வருவது இவர் வேலை.

வேண்டுமென்றேதான் ஆடியில் கிளம்பினேன். யோசித்துப் பார், நாமெல்லாம் சொந்தக்காரர்களை எங்கே பார்க்கிறோம்? கல்யாண மண்டபத்தில், இல்லாவிட்டால் சாவு வீட்டில். மண்டபத்தில் பந்தியில் இடம் பிடிக்கவே நேரம் சரியாக இருக்கிறது. சாவு வீட்டிலோ சொல்லிக்கொள்ளாமல் கிளம்ப வேண்டும். ஆடியில் கல்யாணம் கிடையாது, கிரகப்பிரவேசம் கிடையாது. ஒன்றுமே இல்லாத நாளில் போய்ச் சும்மா உட்கார்ந்து பேசிவிட்டு வரலாம் என்று நினைத்தேன். அந்தச் சும்மாதான் எல்லோரையும் கலவரப்படுத்திவிட்டது.

புதுச்சேரியைத் தாண்டியதும் சாலையே மாறிவிட்டது. விழுப்புரத்திலிருந்து நாகப்பட்டினத்துக்கு நான்கு வழிச்சாலை போடுகிறார்கள். வேலை முடிந்த இடங்களில் ஊருக்குள் நுழையாமலே வெளியே வெளியே போய்விடலாம். நமக்குத் தெரிந்த பஸ் பயணத்தில் ஒவ்வொரு ஊர் பஸ் ஸ்டாண்டிலும் வெள்ளரிப்பிஞ்சுக்காரர் ஏறுவார், கூடவே எதிர்பாராத ஒரு மாமாவும் ஏறுவார். இப்போது ஆக்சிலரேட்டரை அழுத்தினால் ஒரு சொந்தக்காரர் முகத்திலும் விழிக்காமல் மொத்த வம்சத்தையும் கடந்துவிடலாம். இவருக்கு அது வசதியாகத்தான் பட்டது.

முதலில் சீர்காழிப் பக்கம், பெரியப்பா மகன் வீடு. எங்கள் பூர்வீக வீட்டில் இருப்பவர் அவர்தான். அண்ணி என் முகத்தைப் பார்ப்பதற்கு முன் கையைப் பார்த்தார். பத்திரிகைத் தட்டு இல்லை. "என்னம்மா திடீர்னு?" என்றார் அண்ணன். "சும்மாதாண்ணே" என்றேன். "சும்மான்னா?" என்று மறுபடி கேட்டார். காபி வந்தது. அப்புறம் அண்ணன் எழுந்து உள்ளே போனார். பீரோ திறக்கிற சத்தம் கேட்டது. ஒரு மஞ்சள் பையோடு வந்து பட்டா, சிட்டா, பழைய பத்திரம் எல்லாவற்றையும் டீப்பாயில் பரப்பினார். "இன்னும் தாத்தா பேர்லதான் இருக்கு. நான் எதையும் மாத்தலே, நீயே பாத்துக்க" என்றார்.

அப்போதுதான் எனக்குப் புரிந்தது. எனக்குக் கல்யாணம் 1988-ல். தமிழ்நாட்டில் பெண்களுக்குப் பூர்வீகச் சொத்தில் சமபங்கு கொடுத்த சட்டம், 1989 மார்ச் 25-க்கு முன் கல்யாணமானவர்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. ஒரு வருஷ வித்தியாசத்தில் நான் வெளியே, என் தங்கை உள்ளே. 2005-ல் மத்திய அரசு திருத்தம் கொண்டுவந்தபோது அந்தப் பாகுபாடு போயிற்று. 2005-ல் அப்பா உயிரோடு இல்லாவிட்டாலும் மகளுக்கு உரிமை உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020-ல் சொன்னது. அண்ணன் பேப்பரை வரி விடாமல் படிக்கிற ஆள். அந்தத் தீர்ப்பு வந்த நாளிலிருந்து அவர் வயிற்றில் புளி கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. போனில் தீபாவளி வாழ்த்து சொல்லும்போதெல்லாம் மனிதர் என்ன பாடு பட்டாரோ!

பங்கு வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. வேண்டும் என்றும் சொல்லவில்லை. "பையை உள்ள வைங்கண்ணே, பத்திரம் எங்கேயும் ஓடிப்போகாது" என்றேன். சிரித்துவிட்டார். அதற்குப் பிறகுதான் பேச்சே ஆரம்பித்தது. மேட்டூரில் திறந்த தண்ணீர் வாய்க்காலுக்கு வந்து சேர்ந்தது, குறுவை நடவுக்கு ஆள் கிடைக்காமல் மெஷின் வைத்து நட்டது, நானும் அவரும் சின்ன வயதில் குளத்தில் ஆட்டம் போட்டு அடி வாங்கியது என்று ராத்திரி வரைக்கும் போனது. மறுநாள் காரில் ஏறும்போது அண்ணி என் காதோரம் குனிந்து, "அப்படின்னா எங்க அப்பா வீட்டுலயும் எனக்கு உண்டுதானே?" என்று கேட்டார். உண்டு என்று சொல்லிவிட்டு வண்டியை எடுத்தேன். அந்த வீட்டில் இப்போது என்ன நடக்கிறதோ தெரியாது.

காரைக்காலில் பெட்ரோல் விலை குறைவு என்று இவர் டேங்க்கை வழிய வழிய நிரப்பச் சொன்னார். பயணத்திலேயே இவர் முகம் மலர்ந்த இடம் அதுதான்.

வேதாரண்யம் அத்தையை உனக்கு நினைவிருக்கும், விடுதிக்கு முறுக்கு டின்னோடு வருவாரே, அவர்தான். சர்தார் வேதரத்தினம் 1946-ல் தொடங்கிய கஸ்தூர்பா காந்தி கன்னியா குருகுலத்தில் படித்தவர். எண்பதைத் தாண்டியும் விடிவதற்கு முன் குளித்து முடித்துவிடுகிறார். எங்களை இருக்கவிடாமல் அகஸ்தியம்பள்ளி உப்பளத்துக்குக் கூட்டிப்போனார். 1930-ல் ராஜாஜி திருச்சியிலிருந்து நடந்துவந்து உப்பு அள்ளிக் கைதான கதையை, தானே கூட நடந்துவந்தது போலச் சொன்னார். அவர் பிறந்ததே அதற்குப் பத்து வருஷம் கழித்துத்தான். போகட்டும். வீட்டுக்குத் திரும்பியதும் என்னைக் கொல்லைப்பக்கம் இழுத்துப்போய், "மாப்பிள்ளைக்கு டாக்டர் என்னடி சொன்னாரு? மறைக்காம சொல்லு" என்றாரே பார்க்கலாம். ஆடியில், காரணம் சொல்லாமல், ஊர் ஊராகப் போய் எல்லோரையும் பார்க்கிறார்கள் என்றால் கடைசியாகப் பார்க்க வந்திருக்கிறார்கள் என்று அத்தை முடிவே கட்டிவிட்டார். கண்ணில் புரை எடுத்ததைத் தவிர ஒன்றுமில்லை என்று சொல்லியும் நம்பவில்லை. இவருக்கு மட்டும் தட்டில் மூன்று மீன் துண்டு விழுந்தது. நானும் அதற்குமேல் மறுக்கப் போகவில்லை. கல்யாணம் இல்லாத மாதம், முல்லைக்கு விலையே இல்லை என்று பக்கத்து வீட்டில் ஒரு பை நிறையக் கொடுத்தார்கள். கார் இரண்டு நாள் மணத்தது.

அங்கிருந்து திருத்துறைப்பூண்டி, முத்துப்பேட்டை, பட்டுக்கோட்டை வழியாகப் பேராவூரணி சித்தி வீட்டுக்குப் போனோம். இதைத்தான் உன்னிடம் முக்கியமாகச் சொல்ல நினைத்தேன்.

2018 நவம்பர் 16-ஆம் தேதி விடியற்காலையில் கஜா புயல் கரையைக் கடந்தது நினைவிருக்கிறதா? போன் கிடைத்ததும் சித்தியிடம் கேட்டேன். "கொஞ்சம் மரம் சாஞ்சிருக்கு, நாங்க நல்லா இருக்கோம்" என்றார். நானும் கொஞ்சம் பணம் அனுப்பினேன், கடமை முடிந்தது. இப்போது தோப்புக்குள் நடந்தபோதுதான் தெரிகிறது, நாலைந்து மரம் தவிர அன்றைக்கு எதுவும் நிற்கவில்லை. விழுந்த மரத்தை வெட்டி அப்புறப்படுத்துவதற்கே கையிலிருந்து செலவழித்திருக்கிறார்கள். தென்னை ஒரு போகம் போனால் அடுத்த போகம் என்கிற சமாச்சாரம் இல்லையே. நெட்டை ரகம் காய்க்க ஆறேழு வருஷம் ஆகும். அதுவரை சித்தப்பா ஊடுபயிர், மாடு, சித்தியின் நகை என்று ஓட்டியிருக்கிறார். 2019-ல் வைத்த கன்றுகளில் சிலது இந்த வருஷம்தான் பாளை விட்டிருக்கின்றன.

நாங்கள் போன அன்று ஆடிக் காற்று சுழற்றி அடித்தது. மட்டைகள் உரசுகிற சத்தம் கூடும்போதெல்லாம் சித்தி பேச்சை நிறுத்தி மேலே பார்க்கிறார். சாப்பிட்டு முடித்ததும் சித்தப்பா ஒரு கவரைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். நான் அப்போது அனுப்பிய பணம். தேதியோடு டைரியில் குறித்துவைத்து, கொஞ்சம் கொஞ்சமாகச் சேர்த்திருக்கிறார். அதைக் கேட்கத்தான் வந்தோம் என்று வாசலில் காரைப் பார்த்ததுமே நினைத்துவிட்டாராம். வசந்தி, எனக்குக் கோபம்தான் வந்தது. "என்னைய என்னன்னு நெனச்சீங்க?" என்று சத்தம் போட்டேன். சித்தியும் பதிலுக்குச் சத்தம் போட்டார்: "பின்ன, ஒரு தடவையாவது இந்தத் தோப்பை வந்து எட்டிப் பாத்தியா?" இவர் மெல்ல எழுந்து மாட்டைப் பார்க்கப் போய்விட்டார். நாங்கள் மூன்று பேரும் கத்தி முடித்தபோது மனம் லேசாகத்தான் இருந்தது. கவரை வாங்கவில்லை. கிளம்பும்போது டிக்கியில் தேங்காய் மூட்டை இருந்தது, அதை மறுக்க எனக்குத் தைரியமில்லை.

அந்தப் பக்கம் அகலப் பாதையாக்க வேண்டி வருஷக்கணக்கில் ரயிலையே நிறுத்திவைத்திருந்தார்கள். 2019-ல் பாதை திறந்து, 2023-லிருந்து தாம்பரம் – செங்கோட்டை ரயில் பட்டுக்கோட்டை வழியாகப் போகிறது. இனிமேல் வராததற்கு ரயிலைக் காரணம் சொல்ல முடியாது என்று சித்தி கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

காரைக்குடியில் இவருடைய சொந்தம் ஒரு வீடு. அதைப் பற்றி அதிகம் எழுதுவதற்கில்லை. நாங்கள் இருந்தவரை டிவி சத்தத்தைக்கூடக் குறைக்கவில்லை. காபி நன்றாக இருந்தது.

கடைசியாகத் தஞ்சாவூர். நம் குந்தவை நாச்சியார் கல்லூரி வாசலில் வண்டியை நிறுத்திப் பார்த்துவிட்டு, நேராக நம் ரூம் லீடர் வீட்டுக்குப் போனேன். கதவைத் திறந்தவள் ஏன் எதற்கு என்று ஒன்றும் கேட்கவில்லை. "வாடி, நல்ல நேரத்துக்கு வந்தே" என்று அவரைக்காயையும் அரிவாள்மனையையும் என் முன்னால் தள்ளிவிட்டாள். இவரைத் தேங்காய் துருவச் சொன்னாள். துருவினார்! என் வீட்டில் நான் பார்க்காத அதிசயம். வீட்டுக்காரர் போன பிறகு தனியாகத்தான் இருக்கிறாள், பிள்ளைகளுக்கு டியூஷன் எடுக்கிறாள். அதட்டல் அப்படியே இருக்கிறது.

அவள் நம்பரைப் பின்பக்கம் எழுதியிருக்கிறேன். சாயங்காலம் டியூஷன் நேரத்தில் எடுக்க மாட்டாள், ஏழு மணிக்கு மேல் கூப்பிடு. கடைசி வருஷம் பிரிவு உபசார விழாவுக்கு அவளுடைய மைசூர் சில்க் புடவையைக் கட்டிக்கொண்டு போனவள் இன்னும் திருப்பித் தரவில்லை என்று சொன்னாள். மாம்பழ மஞ்சள், அரக்கு பார்டராம். நான் எந்தப் பக்கமும் சாட்சி சொல்லவில்லை. நீயே பேசித் தீர்த்துக்கொள்.

அன்புடன்,
ராஜி